என் குரலில் என் மகள் சொன்ன ‘வேண்டாம்’

என் மகள் லோஷினிக்கு அப்போது நாலு வயது. ஒரு சனிக்கிழமை காலையில் அழத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. சோறு ஊட்டினால் தட்டிவிட்டாள். தூக்கினால் திமிறினாள். சுவரில் போய்த் தலையை முட்டினாள். வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். பிடிவாதமோ என்று அதட்டியும் பார்த்தோம். மறுநாள் காலையில் தலையணையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. காதிலிருந்து சீழ் வழிந்திருந்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “எப்ப இருந்து வலிக்குதும்மா?” என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து வெளியே காத்திருந்தவர்கள் பிள்ளைக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

லோஷினிக்குக் காது நன்றாகக் கேட்கும். நாம் சொல்வதெல்லாம் புரியும். “செருப்ப எடுத்துட்டு வா” என்றால் அப்பா செருப்பு எது, என் செருப்பு எது என்று பார்த்து எடுத்து வருவாள். ஆனால் வாயிலிருந்து ஆ, ம் என்ற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் வராது. எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள், அதனால்தான் என்றார்கள். ஊரடங்கு முடிந்து கதவு திறந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தன. என் பிள்ளையும் ஓடினாள். பேச்சு மட்டும் வரவில்லை.

என் பெயர் மகேஸ்வரி. தம்போயில் குடியிருக்கிறோம். தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதிக்கும் பகுதியில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் சுகுமாரன் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். நான் வாயாடி. கோயில் ஆண்டு மலருக்கு இதை எழுதச் சொன்னவர்களே, “கொஞ்சம் சுருக்கமா எழுதுங்கக்கா” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நானே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டதால்தான் என் பிள்ளைக்கு மிச்சம் இல்லாமல் போய்விட்டது என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன்.

காது ஆறிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு ரெங்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அது வீட்டுக்காரரின் குடும்பம் வேலை செய்த தோட்டத்துக் கோயில். தோட்டத்து ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டாலும் திருவிழாவுக்கு எல்லோரும் கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். என் வீட்டுக்காரரின் அக்கா, பார்வதி அக்கா, ரெங்கத்திலேயே இருக்கிறார். அந்தக் கோயிலில் மாலை கட்டுவதிலிருந்து அன்னதானத்துக்கு உப்புப் பார்ப்பது வரை அக்கா இல்லாமல் எதுவும் நடக்காது.

மற்றவர்கள் அம்மன் முன்னால் கெஞ்சுவார்கள். எனக்கு அன்று கெஞ்ச வரவில்லை.

“இங்க பாரு. காது வலிக்குதுன்னு சொல்லக்கூட வாய் குடுக்காம ஒரு பிள்ளைய எதுக்கு எங்கிட்ட அனுப்பின? அவள பேச வை. அவ மனசுல இருக்கிறத நான் கேக்கணும். பேச வச்சா அவ முடிய எறக்கி உன் காலடியில வைக்கிறேன். வைக்கலன்னா இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்.”

பின்னால் பூ தொடுத்துக்கொண்டிருந்த பார்வதி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. “சாமிகிட்ட இப்படியா பேசுவ மகேசு?” என்றார்.

“வேற யாருகிட்டக்கா பேசுறது?” என்றேன்.

முடியைத்தான் ஏன் நேர்ந்துகொண்டேன் என்றால், லோஷினியிடம் இருந்ததிலேயே பெரிய சொத்து அதுதான். ஒரு வயதில் மொட்டை போட்டதற்குப் பிறகு கத்தரி படாத முடி. தூக்கம் வந்தால் சடை நுனியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வாள். பயந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். பெரியதைக் கேட்கும்போது பெரியதைத்தானே கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளையைக் கேட்டு யார் நேர்த்திக்கடன் வைக்கிறார்கள்? நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம் எங்களை அனுப்பினார்கள். மலாய்க்காரர். உண்மைப் பெயரை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார், அதனால் புவான் அஸ்லினா, அதாவது அஸ்லினா அம்மா, என்று வைத்துக்கொள்வோம். லோஷினியோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் விளையாடினார். பிறகு என்னிடம் மலாயில் சொன்னதன் சுருக்கம் இது: இவளுக்கு அறிவில் குறை இல்லை, சொல்ல ஆசையும் நிறைய இருக்கிறது, ஆனால் மூளை சொல்வதை நாக்கும் உதடும் சரியாகச் செய்ய மாட்டேன் என்கின்றன. வாய்க்குப் பயிற்சி கொடுப்போம். அது வருமா, எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை இது.

இது என்று அவர் நீட்டியது ஓர் அட்டை. கட்டம் கட்டமாகப் படங்கள். சோறு, தண்ணீர், அம்மா, கழிப்பறை. பிளாஸ்டிக் ஒட்டி, கழுத்தில் மாட்டக் கயிறும் போட்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அம்மனிடம் கேட்டது பேச்சு. கையில் வந்தது அட்டை. “இத கழுத்துல மாட்டிவிட்டா அப்புறம் வாயத் தெறக்கவே மாட்டா” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. படம் பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்கு அதனால் வாய்ப் பேச்சும் கூடத்தான் செய்கிறது என்றார். பிறகு ஒன்று கேட்டார். “வாய் வர்ற வரைக்கும் அவ என்ன செய்யணும் புவான்? மறுபடியும் காது வலிச்சா?”

நான் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

எந்தச் சொற்களை முதலில் வைப்பது என்பதிலும் சண்டை போட்டேன். சாமி, நன்றி, வணக்கம் எல்லாம் வேண்டும் என்றேன். அவர் வேண்டும், வேண்டாம், இன்னும், நிறுத்து, வா, போ, என், வலி என்று எழுதினார். “வேண்டாம் எதுக்கு? ஏற்கெனவே பிடிவாதக்காரி” என்றேன். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளை கடிக்கும், அடிக்கும், சுவரில் முட்டும், வேறு எப்படிச் சொல்லும் என்றார். சுவரில் முட்டியதை நான் பார்த்தவள். அதனால் எழுதட்டும் என்று விட்டேன். காது விஷயத்துக்காக உடம்புக்கென்று தனியாக ஓர் அட்டை செய்தோம். தலை, காது, பல், வயிறு, கால்.

அட்டையை மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இல்லையாம். நாங்களும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டுமாம். உங்கள் வீட்டில் யாரும் தமிழ் பேசாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தமிழ் புரிந்திருக்குமா என்று கேட்டார் அஸ்லினா. அதனால் “சோறு வேணுமா?” என்று கேட்கும்போதே சோற்றையும் வேண்டும் என்ற படத்தையும் தொடுவேன். “அப்பா போறாங்க” என்று சொல்லி அப்பாவையும் போவையும் தொடுவேன். கேட்டுவிட்டு அவள் கை வரும்வரை காத்திருக்க வேண்டும். நானே பதிலைச் சொல்லிவிடக் கூடாது. அம்மனுக்குத் தீ மிதிக்கச் சொல்லியிருந்தால்கூட மிதித்திருப்பேன். பேசாமல் காத்திருப்பதில்தான் எனக்கு உயிர் போனது.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அட்டையைக் கடித்தாள், தூக்கி எறிந்தாள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டு, தண்ணீர் படத்தைத் தொட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டுவார். பைத்தியக்கார வீடு என்று பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்குச் சந்தேகம் வந்த நாளெல்லாம் விளக்கேற்றி வைத்து அம்மனிடம் சண்டை போட்டேன். “கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு, அதையாவது வேலை செய்ய வைக்கக் கூடாதா?”

ஒரு நாள் மத்தியானம் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். கொடுத்தது தீர்ந்துவிட்டது. வழக்கமாகக் கத்துவாள். அன்று கத்தவில்லை. அட்டையை இழுத்து, இன்னும் என்ற படத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கை படிந்த அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. டப்பாவையே அவள் மடியில் கவிழ்த்தேன்.

அதன்பிறகு சிங்கப்பூரில் வீட்டுக்காரரோடு வேலை செய்யும் ஒருவர் தன் பழைய டேப்லட் ஒன்றைக் கொடுத்தார். அதே படங்களை அதில் ஏற்றிக் கொடுத்தார் அஸ்லினா. தொட்டால் குரல் வரும். ஆனால் அதில் மலாய்க் குரல் இருந்தது, ஆங்கிலக் குரல் இருந்தது, தமிழ் இல்லை. தமிழ் வேண்டுமென்றால் நாமே பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டில் அதிகம் பேசுகிறவள் யார்? ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பதிந்தேன். ‘வேண்டாம்’ சொல்லும்போது குக்கர் விசிலடித்தது. அந்த எரிச்சலில் வெடுக்கென்று வந்தது, விசிலும் சேர்ந்து பதிந்துவிட்டது. இன்றைக்கும் என் மகள் வேண்டாம் என்றால் பின்னால் குக்கர் கூவும்.

ஆக, என் மகள் என் குரலில் பேச ஆரம்பித்தாள். பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கப் போனால் கடைக்கார பாய், “பாப்பாவுக்கு என்னம்மா?” என்று என்னைக் கேட்பார். “அவகிட்டயே கேளுங்க பாய்” என்பேன். பாய் குனிந்து கேட்பார். கையில் கல்லாவும் காதில் போனுமாக இருக்கிற மனிதர், அவளுக்காக நின்று காத்திருப்பார். அவள் மீலோ பானத்தின் படத்தைத் தொடுவாள். என் குரல் “மீலோ” என்று சொல்லும். “சரிங்க தாயி” என்பார் அவளிடம்.

எல்லோரும் பாய் மாதிரி இல்லை. பார்வதி அக்கா ஒரு தடவை எங்கள் வீட்டில் வந்து தங்கினார். வந்ததிலிருந்து அந்த டேப்லட்டைத்தான் திட்டினார். பிள்ளையைச் சோம்பேறி ஆக்குகிறாய் என்றார். வாயில் தேன் தடவு, வசம்பு உரசு, பேச்சு வரும் என்றார். சொல்லிக்கொண்டே லோஷினி கையிலிருந்து அதைப் பிடுங்கப் போனார். லோஷினி திரும்பி உட்கார்ந்து சொந்தக்காரர் படங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். ஒரு படத்தைத் தொட்டாள். “அத்தை” என்றது என் குரல். இன்னொரு படம். “போ.”

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் குளியலறைக்குள் போய்விட்டார். அக்காவின் முகம் சுண்டிப் போனது.

“நீதானே சொல்லிக் குடுத்த?”

“சத்தியமா இல்லக்கா.”

“உன் குரல்தானே அது? நீ பதிஞ்சு வச்சத அவ அமுக்குறா. இது அவ பேசுறது இல்ல மகேசு, நீ பேசுறது. இதப் போயி பேச்சுன்னு சொன்னா அம்மனே சிரிக்கும்.”

அக்கா பொல்லாதவர் இல்லை. எனக்குப் பிரசவமானபோது பத்தியச் சமையலை ஒரு நாள் தவறாமல் செய்து போட்டவர். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அம்மன் என் வேண்டுதலுக்குப் பதில் சொன்னாளா இல்லையா? அதுதானே கேள்வி? இது பேச்சு இல்லை என்றால் அம்மன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். பேச்சு என்றால் கடன் கட்ட வேண்டும். நான் முடிவு செய்தேன். என் மகள் பேசிவிட்டாள். வருகிற திருவிழாவில் முடி இறக்குகிறேன். யாருக்குச் சந்தேகமோ அவர்கள் வந்து பார்க்கட்டும்.

திருவிழா அன்று காலையிலேயே ரெங்கம் போய்ச் சேர்ந்தோம். லோஷினிக்கு அப்போது ஏழு வயது. மஞ்சள் பாவாடை, இடுப்பு வரை இரட்டைச் சடை, தோளில் குறுக்காக வார் போட்டு டேப்லட். வாசலிலேயே கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“தங்கச்சி, கோயிலுக்குள்ள இந்த விளையாட்டுச் சாமான் எல்லாம் வேணாம் லா. கார்ல வச்சிட்டு வாங்க.”

“இது அவ வாய்ண்ணே. நீங்க செருப்போட சேத்து உங்க வாயையும் கார்ல வச்சிட்டு வாங்க, நானும் இத வச்சிட்டு வரேன்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வழியை விட்டார். வீட்டுக்காரர் என் காதருகில், “அலமாக், ஆரம்பிச்சிட்டியா?” என்று முனகினார்.

கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் முடி இறக்குகிறவர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசை நின்றது. எங்கள் முறை வந்தபோது பார்வதி அக்காவும் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். லோஷினியைப் பலகையில் உட்கார வைத்தேன். சடைகளை அவிழ்த்தேன். அவர் தண்ணீர் தெளித்து முடியை நனைத்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தாள், தலைக்குக் குளிக்க வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். அவர் சவரக் கத்தியில் புது பிளேடு மாட்டினார். அவள் பக்கத்தில் கிடந்த முடிக் குவியலைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு எழுந்து போன பிள்ளையைப் பார்த்தாள். ஒரு கையால் ஈர முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டேப்லட்டை இழுத்தாள்.

“வேண்டாம்” என்றது என் குரல். குக்கர் விசிலும் கேட்டது.

முடி இறக்குகிறவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “என்னம்மா? வேணுமா வேணாமா?”

“நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க எடுங்க.”

என் வாய் எடுங்க என்றது. என் குரல் மறுபடியும் வேண்டாம் என்றது. அவர் கத்தியைக் கீழே இறக்கிவிட்டார். லோஷினி உடம்புப் பக்கத்தைத் திறந்தாள். அவசரமாகத் தேடினாள். அழவில்லை, கத்தவில்லை, யாரையும் கடிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டாள். “என்.” “தலை.” “வேண்டாம்.”

“ரெண்டு நிமிஷ வேலதான் மகேஸ்” என்றார் வீட்டுக்காரர். “நான் பிடிச்சுக்கிறேன். நேர்ந்துக்கிட்டது லா. செய்யாம விட்டா...” அவர் முடிக்கவில்லை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே பயம். கொடுத்ததை அம்மன் திருப்பி எடுத்துக்கொண்டால்?

“சாமி காரியத்துக்கு வேணாம்னு சொல்லக் கூடாது. புடிங்கடா பிள்ளைய” என்றார் அக்கா.

“வரிச நிக்குதும்மா. சீக்கிரம் சொல்லுங்க” என்றார் முடி இறக்குகிறவர்.

அங்கிருந்து பார்த்தால் கருவறை தெரியாது. மணிச் சத்தம் மட்டும் கேட்டது. என் மூளை வேலை செய்தது. நான் அம்மனிடம் கேட்டது என்ன? அவள் மனசில் இருப்பதை நான் கேட்க வேண்டும் என்று கேட்டேன். இதோ கேட்கிறேன். இத்தனை பேர் முன்னால், சாமி வாசலில், என்னை எதிர்த்தே சொல்கிறாள். இப்போது இவள் கையைக் காலைப் பிடித்து அமுக்கி மொட்டை போட்டால், சுவரில் முட்டிய அந்த நாலு வயதுப் பிள்ளையாக மறுபடியும் இவளை ஆக்கிவிடுவேன். சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வாள். அம்மன் கொடுத்த பேச்சை அம்மன் வாசலிலேயே போட்டு மிதிக்க நான் தயாராக இல்லை.

நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

“அக்கா, இது என் பேச்சுன்னு சொன்னீங்கல்ல? அவ முடிய எறக்கணும்னு மூணு வருஷமா நிக்கிறவ நான். நான் வேணாம்னு சொல்வேனா? என் குரல்ல எனக்கு எதிரா பேசுறது யாரு? சொல்லுங்க.”

அக்கா கட்டியிருந்த கைகளைக் கீழே விட்டார்.

“எந்திரிம்மா” என்று லோஷினியைத் தூக்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். என் கொண்டையை அவிழ்த்தேன். பலகையில் நான் உட்கார்ந்தேன்.

“உங்களுக்கா?” என்றார் முடி இறக்குகிறவர்.

“எனக்குத்தான். வேண்டிக்கிட்டது நான். வாங்குனதும் நான். அவ எதுக்குக் கட்டணும்? எடுங்க.”

எனக்கு என் முடி மேல் ஆசை இல்லை என்று யாராவது நினைத்தால் தப்பு. கல்யாணத்தில் சவுரி வைக்காமல் பின்னிய முடி அது. முதல் இழுப்பில் கழுத்தில் காற்றுப் பட்டபோது கண்ணீர் வந்துவிட்டது. பாதித் தலை ஆனதும் அவர் பிளேடு மாற்றக் கையை எடுத்தார். லோஷினி அப்பா இடுப்பிலிருந்து என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேப்லட்டைத் தொட்டாள்.

“இன்னும்” என்றது என் குரல்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். முடி இறக்குகிறவர், “பாப்பா சொல்லிட்டா, இனி நிறுத்தக் கூடாது” என்று மீதியையும் எடுத்தார்.

என் முடியை நானே அள்ளிக்கொண்டு போய் அம்மன் வாசலில் வைத்தேன். “பேச வச்சா கட்டுறேன்னு சொன்னேன். கட்டிட்டேன். இனி உனக்கும் எனக்கும் பாக்கி இல்ல” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், ஆனால் கூப்பிய கையை இறக்கவில்லை. அவ்வளவு நன்றி எனக்குள் இருந்தது.

திரும்பியபோது பார்வதி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். என் மொட்டைத் தலையில் பூசினார். கை அழுத்தமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை அவர். பூசி முடித்ததும் லோஷினி முன்னால் குனிந்தார். விரலில் கொஞ்சம் சந்தனம் எடுத்தார். வழக்கமாக என்றால் பிள்ளையின் நெற்றியில் இழுத்துவிட்டுப் போயிருப்பார். அன்று விரலை நீட்டியபடி, “அத்த வச்சு விடட்டா?” என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். லோஷினி அவரைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், மெதுவாகப் பக்கம் பக்கமாகத் தேடினாள். அக்கா விரலை அசைக்கவில்லை. சந்தனம் காயத் தொடங்கியது.

“வேண்டும்” என்றது என் குரல்.

அக்கா பொட்டு வைத்துவிட்டு எழுந்து, புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு அன்னதானக் கூடத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வேலைக்குப் போனேன். “என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா?” என்று வரிசையாக வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “என் மக பேசிட்டா.” இப்போது முடி தோள் வரை வளர்ந்துவிட்டது. லோஷினி பள்ளியில் இருக்கிறாள். அவள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் என் குரலைக் கேட்டுப் பழகிவிட்டார்கள், நான் வாசலில் பேசினால் “லோஷினி, லோஷினி” என்று கத்துகிறார்கள். இந்த வருஷம் அவள் வயதுப் பெண் ஒருத்தியின் குரலில் எல்லாச் சொற்களையும் மாற்றிப் பதிந்தோம், ‘வேண்டாம்’ ஒன்றைத் தவிர. அதை மாற்றட்டுமா என்று கேட்டபோது அவள் அதையே அழுத்திக் காட்டினாள். வாயாலும் சில நேரம் ‘ம்மா’ என்று வருகிறது. நன்றாக வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் என் மகள் பேசுகிறவள்தான். அதை இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

இதைப் படிக்கிறவர்களில் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள். அம்மனிடம் போங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடாதீர்கள். அவள் கொடுப்பது நீங்கள் நினைத்த உருவத்தில் வராமல் போகலாம். எனக்கு அட்டையாக வந்தது, கயிறு கட்டி வந்தது. தள்ளிவிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் தம்போயில் வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் லோஷினியிடம், “கோயிலுக்குப் போலாமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சில வாரம் வேண்டும் என்கிறாள். சில வாரம் குக்கர் கூவுகிறது. அன்றைக்கு அவளை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போகிறேன். கற்பூரம் காட்டும்போது அம்மனிடம் சொல்கிறேன்: “உன் பிள்ள இன்னிக்கு வரமாட்டாளாம். அவளே சொன்னா.”